தனி அடுப்பு, பொது வாசல்: அமெரிக்க முதியோர் தன்னார்வத் திட்டங்களுக்குத் தனித்தனிச் சங்கம் நடத்தும் முறை

அமெரிக்காவில் 55 வயது தாண்டியவர்களின் தன்னார்வப் பணிக்குக் கூட்டாட்சி அரசு பணம் தரும் பெரிய திட்டங்கள் மூன்று. முதலாவது ஃபாஸ்டர் கிராண்ட்பேரன்ட். 1965இல், வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஒன்றாகத் தொடங்கியது; முதியவர் பள்ளியிலோ குழந்தைகள் காப்பகத்திலோ கவனிப்பு தேவைப்படும் குழந்தையின் பக்கத்தில் இருப்பார். இரண்டாவது ஆர்எஸ்விபி, அதாவது ஓய்வுபெற்ற, மூத்த தன்னார்வலர் திட்டம். 1969இல் சட்டமாகி 1971இல் களத்துக்கு வந்தது. எந்த ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவையோ அதற்கெல்லாம் முதியவர்களை அனுப்பும். மூன்றாவது சீனியர் கம்பானியன். 1970களின் நடுவில் வந்தது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத முதியவருக்கு இன்னொரு முதியவர் துணையாகப் போவார். மூன்றும் 1973ஆம் ஆண்டின் உள்நாட்டுத் தன்னார்வச் சேவைச் சட்டத்தின் கீழ் வருபவை. 2020 முதல் அமெரிகார்ப்ஸ் சீனியர்ஸ் என்ற ஒரே பெயர்ப் பலகையின் கீழ் நிற்கின்றன.

பலகை ஒன்றானதும் சங்கமும் ஒன்றாகட்டுமே என்ற பேச்சு இயல்பாக எழும். இந்தத் திட்டங்களை ஊர் ஊராக நடத்தும் இயக்குநர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் சங்கங்களைப் பற்றிய பேச்சு இது. வாஷிங்டனில் போய் “எங்கள் திட்டத்துக்கு நிதி குறைக்காதீர்கள்” என்று கேட்பதுதான் அந்தச் சங்கங்களின் முதல் வேலை. தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்பதே எங்கள் முடிவு. ஆனால் தனியாக இருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அது தெரியாமல் பெயருக்கு மூன்று சங்கம் வைத்திருப்பதைவிட ஒன்றாகச் சேர்ந்துவிடுவதே மேல்.

ஏன் தனி என்பதற்குக் கணக்கே சாட்சி

ஃபாஸ்டர் கிராண்ட்பேரன்ட், சீனியர் கம்பானியன் இரண்டிலும் வருமானம் குறைந்த முதியவர்களுக்கு மணிக்கணக்கில் உதவித்தொகை உண்டு. வறுமைக் கோட்டின் 200 சதவீதத்துக்குள் வருமானம் இருக்க வேண்டும். ஆர்எஸ்விபியில் உதவித்தொகை கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றதெல்லாம் கிளைக்கிறது.

உதவித்தொகைத் திட்டங்களில் ஒரு முழு இடம் என்பது ஆண்டுக்கு 1,044 மணி நேரம். மணிக்கு 3 டாலர் என்றால் ஓர் இடத்துக்கு 3,132 டாலர். 4 டாலர் ஆனதும் 4,176 டாலர். ஒதுக்கீடு மாறாமல் தொகை மட்டும் உயர்ந்தால், 100 இடம் நடத்திய பணத்தில் 75 இடம்தான் நடக்கும். ஆக “உதவித்தொகையை உயர்த்துங்கள்” என்று கேட்கும் சங்கம் அதே மூச்சில் “அதற்கான பணத்தையும் சேர்த்துத் தாருங்கள்” என்று கேட்டாக வேண்டும். ஆர்எஸ்விபி இயக்குநருக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அவருடைய கவலை வேறு. 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2013 முதல், அவர் தன் மானியத்துக்குப் போட்டியில் இறங்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பங்காக மொத்தச் செலவில் முதல் ஆண்டு 10, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டிலிருந்து 30 சதவீதம் அவர் திரட்ட வேண்டும். அதாவது அரசு 70,000 டாலர் தந்தால் ஊரில் 30,000 திரட்டணும். மற்ற இரண்டு திட்டங்களுக்கு 10 சதவீதம் போதும். ஆனால் அரசுப் பணத்தில் 80 சதவீதமாவது தன்னார்வலர் செலவுக்கே போக வேண்டும் என்ற கட்டு அவர்களுக்கு உண்டு. அலுவலகத்துக்கு மிஞ்சுவது சொற்பம்.

ஒரே சங்கத்தின் நிர்வாகக் குழு உட்கார்ந்து இந்த ஆண்டு எதைக் கேட்பது என்று வாக்கெடுத்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே தெரியும். எண்ணிக்கையில் பெரிய கூட்டம் தன் கோரிக்கையை முதலில் வைக்கும், சிறிய கூட்டத்தின் கோரிக்கை நான்காம் பக்கத்துக்குப் போய்விடும்.

2011இல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 நிதியாண்டில் ஆர்எஸ்விபிக்கு 6.3 கோடி டாலர். 2011க்கான இழுபறி முடிந்தபோது அது ஏறக்குறைய 5.03 கோடியாகக் குறைந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்கு வெட்டு. அதே உடன்பாட்டில் மற்ற இரண்டும், ஃபாஸ்டர் கிராண்ட்பேரன்டின் ஏறக்குறைய 11.1 கோடியும் சீனியர் கம்பானியனின் 4.7 கோடியும், பெரிதாக அசையவில்லை. நிதிப் பட்டியலில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரி உண்டு. கத்தி ஒரே வரியில் விழும். விழுந்த வரிக்காகப் பேசுவதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர் அன்று இருந்தாக வேண்டும். 2023இலும் ஆர்எஸ்விபி வரி 5.5 கோடியை ஒட்டித்தான் இருந்தது. ஒரு முறை இறங்கினால் ஏறுவதற்கு எத்தனை காலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் தனியாக வைக்கக் கூடாது

சந்தா கட்டும் உறுப்பினர் 40 பேருக்குக் குறைவாக இருந்தால் தேசிய அளவில் தனிச் சங்கம் வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர், ஐந்தாறு வட்டாரப் பிரதிநிதிகள் என்று பத்துப் பேராவது ஆண்டு முழுதும் உழைக்க வேண்டும். 40 பேரில் 10 பேர் கிடைப்பது கடினம். அந்த நிலையில் பொதுச் சங்கத்துக்குள் தனிப் பிரிவாக இருந்து, தன் வரிக்கான கோரிக்கையைத் தானே எழுதும் உரிமையை மட்டும் விதிமுறையில் வாங்கிக்கொள்ளலாம். மாநில அளவிலும் பெரும்பாலும் தனி தேவைப்படாது. நிதி முடிவு வாஷிங்டனில் நடக்கிறது. மாநிலத்தில் மூவரும் ஒரே மேசையில் உட்காரலாம்.

சட்ட உருவம்: எந்த எண்ணின் கீழ்

முதலில் ஏதாவது ஒரு மாநிலத்தில் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு. பிறகு வருமான வரித்துறையிடம், அதாவது ஐஆர்எஸ்ஸிடம், எஸ்எஸ்-4 படிவத்தில் நிறுவன எண். அந்த எண் கைக்கு வந்த பிறகே வங்கிக் கணக்கு. திட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒன்றின் எண்ணைத் “தற்காலிகமாக” வாங்கிக் கணக்குத் திறக்கும் பழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். அந்த நிறுவனத்தின் தணிக்கையில் உங்கள் சந்தாப் பணம் அவர்களுடைய வருமானமாக வரும், உங்கள் லாபியிங் செலவு, அதாவது நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நிதியோ சட்டமோ கேட்டுப் பேசும் செலவு, அவர்களுடைய லாபியிங்காக வரும்.

அடுத்து வரிவிலக்குப் பிரிவு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

அறநோக்க அமைப்புகளுக்கான 501(சி)(3) என்றால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை உண்டு, அறக்கட்டளைகளிடம் கேட்கலாம். லாபியிங்குக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு “கணிசமான பகுதி” என்று மொட்டையாக இருக்கும். 5768 என்ற சின்னப் படிவத்தைப் போட்டால் அது கணக்கான வரம்பாக மாறும்: செலவில் முதல் 5 லட்சம் டாலர் வரை 20 சதவீதம். அதிலும் பொதுமக்களைத் தூண்டி எழுதவைக்கும் வகைக்கு இந்த 20இல் கால்பங்குதான்.

120 உறுப்பினர், ஆளுக்கு 150 டாலர், ஆண்டுக்கு 18,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் செலவானால் லாபியிங் வரம்பு 3,600 டாலர். அதில் பொதுமக்கள் வகை 900. குறைவாகத் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கு செலவை மட்டும்தான் எண்ணும். இயக்குநர்கள் தங்கள் விடுப்பு நாளில் சம்பளமில்லாமல் செனட்டர் அலுவலகத்துக்குப் போனால் அந்த உழைப்புக்குச் செலவு சுழியம். ஆகவே ஆட்களின் காலால் நடக்கும் சங்கத்துக்கு (சி)(3) தாராளமாகப் போதும்.

வாஷிங்டனில் ஓர் ஆலோசகரை மாதம் 1,000 டாலருக்கு அமர்த்த நினைத்தால் 12,000 ஆகிவிடும், (சி)(3) தாங்காது. அப்போது தொழில்சார் சங்கத்துக்கான 501(சி)(6) பொருந்தும். இயக்குநர்களின் சங்கம் என்பதால் அது இயல்பாகவே உட்காரும் இடம். தன்னார்வலர்கள், குடும்பத்தார், ஊர்க்காரர்கள் சேர்ந்த நண்பர் மன்றம் என்றால் 501(சி)(4). அதற்குத் தொடங்கிய 60 நாளுக்குள் 8976 படிவத்தில் அறிவிக்க வேண்டும். லாபியிங் செய்யும் (சி)(4) அமைப்பு கூட்டாட்சி மானியம் எதையும் வாங்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. சங்கத்தின் பெயரில் பயிற்சி மானியம் கேட்கும் எண்ணம் இருந்தால் (சி)(4) அடைத்த கதவு.

ஆலோசகர் பற்றி ஒரு நுணுக்கம். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து காலாண்டுக்கு 3,500 டாலருக்கு மேல் லாபியிங் வருமானம் வந்தால் லாபியிங் நிறுவனம் நாடாளுமன்றத்தில் பதிவுசெய்ய வேண்டும். 2025 முதல் இதுதான் வரம்பு. மாதம் 1,000 என்றால் காலாண்டுக்கு 3,000, கீழே நிற்கிறது. 1,200 ஆக்கினால் 3,600, தாண்டிவிடுகிறது. தாண்டுவதில் தவறில்லை, தாண்டியது தெரியாமல் இருப்பதில்தான் தவறு.

சிறிய (சி)(3) சங்கங்கள் 1023-ஈஸீ என்ற சுருக்கப் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 275 டாலர். அடுத்த மூன்று ஆண்டில் எந்த ஆண்டிலும் மொத்த வரவு 50,000 தாண்டாது என்று நீங்கள் உறுதி சொல்ல வேண்டும். மாநாடு நடத்தும் எண்ணம் இருந்தால் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். 150 பேர், ஆளுக்கு 300 டாலர் என்றால் மாநாட்டு வரவு மட்டும் 45,000. சந்தாவோடு சேர்ந்தால் 63,000. அறை வாடகைக்கே போகிற பணம்தானே என்று சொல்ல முடியாது. மொத்த வரவு என்றால் மொத்த வரவுதான். முழு 1023 படிவத்துக்கு 600 டாலர் கட்டிவிடுவது பின்னால் வரும் தலைவலியைவிட மலிவு.

கணக்காண்டை எப்போது முடிப்பது என்பதையும் சிந்தித்து எழுதுங்கள். வரவு 50,000க்குள் இருக்கும் சங்கம் ஆண்டுக்கொரு முறை 990-என் என்ற மின்-அட்டையைப் போட வேண்டும். ஆண்டு முடிந்து ஐந்தாம் மாதம் 15ஆம் தேதி கெடு. டிசம்பரில் முடித்தால் கெடு மே 15. அந்தச் சமயம் நீங்கள் வாஷிங்டன் வேலையில் மூழ்கியிருப்பீர்கள். ஜூன் 30இல் முடித்தால் கெடு நவம்பர் 15, கை காலியாக இருக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டு போடாவிட்டால் வரிவிலக்கு தானாக ரத்தாகும். பிறகு புதிதாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்டித்தான் மீட்க வேண்டும். சின்னச் சங்கங்கள் சாகிற வழிகளில் இதுதான் முதல் வழி. பத்து நிமிட வேலை.

சந்தா எந்தப் பையிலிருந்து வருகிறது

உறுப்பினர் தன் திட்டத்தின் மானியத்திலிருந்து சந்தா கட்டலாமா? கூட்டாட்சி மானியச் செலவு விதி 2 சிஎஃப்ஆர் 200.454 (சிஎஃப்ஆர் என்பது கூட்டாட்சி விதிகளின் தொகுப்பு) தொழில்சார் சங்கச் சந்தாவை அனுமதிக்கிறது. ஆனால் சங்கத்தின் முதன்மை நோக்கமே லாபியிங் என்றால் அனுமதி இல்லை. பயிற்சி, தகவல் பரிமாற்றம், புதிய இயக்குநருக்கு வழிகாட்டல் ஆகியவை உங்கள் சங்கத்தின் பெரும்பகுதி வேலை என்றால் சந்தா கட்டலாம். அப்போதும் லாபியிங்குக்குப் போகும் பங்கைத் தனியாகப் பிரித்து, அதை மானியமல்லாத பணத்தில் கட்டச் சொல்வதே பாதுகாப்பு.

எளிய வழி: ரசீதில் இரண்டு வரி. “உறுப்பினர் சேவை: 110 டாலர். கொள்கைப் பணி: 40 டாலர், கூட்டாட்சி மானியத்திலோ உள்ளூர்ப் பங்கிலோ சேர்க்க வேண்டாம்.” இரண்டாவது வரியில் உள்ளூர்ப் பங்கு என்ற சொல் ஏன்? மானியத்துக்கு ஈடாகக் காட்டும் உள்ளூர்ப் பணமும் அதே செலவு விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அரசுப் பணத்தில் காட்டக் கூடாத செலவை ஈட்டுப் பணத்திலும் காட்டக் கூடாது. அரசுப் பணத்தைத் தொடவில்லையே என்று நிம்மதியாக இருக்கும் இயக்குநர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஒரே நிறுவனம் மூன்று திட்டத்தையும் நடத்தும் ஊர்கள் நிறைய. மாவட்ட நிர்வாகம், சமுதாயக் கல்லூரி, தொண்டு நிறுவனம் என்று யாராகவும் இருக்கலாம். அவர்களுக்கு மூன்று சங்கம் என்றால் மூன்று சந்தா. “ஒரே வேலைக்கு மூன்று பில்லா?” என்ற முணுமுணுப்புதான் கடைசியில் இணைப்புப் பேச்சாக வளரும். இதைத் தடுக்க மூன்று சங்கமும் ஒரே தாளில் மூன்று வரியாக பில் அனுப்பலாம். இரண்டாவது சந்தாவுக்கு கால்பங்கு, மூன்றாவதுக்குப் பாதி தள்ளுபடி தரலாம். பணம் மட்டும் மூன்று காசோலையாக, மூன்று கணக்குக்கு வர வேண்டும். ஒரே காசோலையை வாங்கிப் பிறகு பிரித்தால் யார் கணக்கில் எவ்வளவு என்று மூன்றாம் மாதமே சண்டை வரும்.

மாநாட்டுக்கும் அதே முறை. மண்டபம் பொது, சாப்பாடு பொது; ஆனால் ஒவ்வொருவரும் தன் சங்கத்துக்கே கட்டணம் கட்டட்டும். வாடகையை வருகைக் கணக்கில் பங்கிடுவோம் என்று ஒரு பக்க உடன்படிக்கை போதும். இதனால் ஒரே சங்கத்தின் மொத்த வரவு திடீரென்று வீங்காது.

எந்தத் தொப்பி, எந்த நேரம்

இயக்குநருடைய சம்பளத்தில் அரசு மானியம் இருக்கிறது. அந்த நேரத்தில், அந்தக் கணினியில், அந்த மின்னஞ்சலில் லாபியிங் கூடாது. 45 சிஎஃப்ஆர் பகுதி 1226 இந்தத் திட்டங்களில் தேர்தல் வேலையையும் லாபியிங்கையும் கட்டுப்படுத்துகிறது. செய்ய வேண்டியது: விடுப்பு எழுதிக் கொடுத்து, அதன் நகலைக் கோப்பில் வைத்து, சொந்த மின்னஞ்சலிலிருந்து சங்கத்தின் பெயரில் பேசுவது.

அரசு செலவில் பயிற்சிக்கு வாஷிங்டன் போயிருக்கிறீர்கள், மறுநாள் அங்கேயே இருந்து செனட் அலுவலகத்துக்கும் போகலாம் என்று தோன்றும். போகலாம். ஆனால் அந்தக் கூடுதல் இரவின் விடுதி, டாக்சி, சாப்பாடு எல்லாம் சங்கத்துடையதோ உங்களுடையதோதான். விமானச் சீட்டின் திரும்பும் தேதி மாறியதால் விலை ஏறியிருந்தால் ஏறிய வித்தியாசமும் அப்படியே. சீட்டு எடுக்கும் அன்றே பயிற்சி முடிந்த நாளுக்கான விலையைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

உங்கள் தன்னார்வலர்களும் உதவித்தொகை பெறும் நேரத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. குடிமக்களாக, தங்கள் வீட்டிலிருந்து, தங்கள் தாளில் கடிதம் எழுதலாம். மையத்தில் உட்காரவைத்து முப்பது பேரிடம் ஒரே வாசகத்தில் கையெழுத்து வாங்குவது விதி மீறல் மட்டுமல்ல, பயனும் இல்லை. அலுவலகத்தில் முப்பதையும் ஒரே கட்டாக எண்ணுவார்கள்.

திட்ட விவரம் சொல்வது லாபியிங் அல்ல. தொகுதி உறுப்பினரை “வந்து பாருங்கள், எங்கள் பாட்டிமார்கள் இரண்டாம் வகுப்பில் வாசிப்பு சொல்லித்தருகிறார்கள்” என்று அழைக்கலாம். “அந்த வரிக்கு 50 லட்சம் கூட்டுங்கள்” என்று சொன்ன நொடியில் தொப்பி மாறிவிடுகிறது. நாடாளுமன்றக் குழுவே எழுத்தில் கேட்டு நீங்கள் தரும் உண்மை விவரத்துக்கு விலக்கு உண்டு. கேட்ட கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். இந்தத் திட்டங்களுக்குப் பணம் தரும் அரசு அமைப்பான அமெரிகார்ப்ஸின் ஊழியர்களை இதில் இழுக்காதீர்கள். உங்கள் வேண்டுகோளை அவர்களுடைய மின்னஞ்சல் பட்டியலில் சுற்றவிடச் சொல்வது அவர்களை இக்கட்டில் மாட்டிவிடும். உறுப்பினர் பட்டியலை நீங்களே வைத்திருங்கள்.

மூன்று சங்கத்துக்கும் இடையிலான உடன்படிக்கை

தனி அடுப்பு வைத்த அண்ணன் தம்பிகள் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டால் ஊர் சிரிக்கும். நாடாளுமன்ற நிதிக் குழு ஊழியர் சிரிக்க மாட்டார். “முதலில் நீங்கள் ஒத்துப்போய் வாருங்கள்” என்று சொல்லி இருவருக்கும் கொடுக்காமல் விட்டுவிடுவார். ஆகவே இரண்டு பக்கத்தில் ஓர் உடன்படிக்கை வேண்டும்; ஆண்டுதோறும் செப்டம்பரில் மூன்று தலைவர்களும் கையெழுத்திட வேண்டும்.

அதில் முக்கியமானது ஒன்றுதான்: மற்றவர் வரியிலிருந்து எடுத்து எனக்குக் கொடு என்று எவரும் கேட்கக் கூடாது. நேரடியாக யாரும் கேட்பதில்லை. மறைமுகமாக வரும்: “எங்கள் திட்டம் ஒரு டாலருக்கு அதிக மணிநேரம் தருகிறது” என்பார் ஆர்எஸ்விபிக்காரர். உதவித்தொகை இல்லாத திட்டத்தில் மணிக்கணக்குச் செலவு குறைவாகத்தானே இருக்கும்? “நாங்கள் ஏழை முதியவர்களுக்கு உதவுகிறோம், அவர்கள் ஓய்வூதியக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு தருகிறார்கள்” என்பார் எதிர்ப்பக்கம். இரண்டையும் எழுத்தில் தடை செய்யுங்கள். ஒப்பீட்டு வாக்கியமே வேண்டாம்.

நாடாளுமன்ற உதவியாளர் எப்போதாவது கேட்பார்: “மூன்றில் ஒன்றைத்தான் உயர்த்த முடியும், எதை?” பதிலை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். நன்றாக வேலை செய்வது இது: “எங்கள் வரியைப் பற்றி மட்டும் நான் பேச முடியும். மற்ற இரண்டு சங்கங்களின் எண்கள் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கின்றன.” பின்பக்கத்தில் மூன்று வரிகளின் ஐந்தாண்டு ஒதுக்கீடும் ஒரே அட்டவணையாக அச்சாகியிருக்க வேண்டும். அட்டவணையை ஒருவர் தயாரித்து இருவர் சரிபார்க்கட்டும். மூன்று சங்கம் மூன்று எண்ணைச் சொன்னால் எல்லாம் போச்சு.

எந்தக் கடிதமும் குழுவுக்குப் போகும் முன் 48 மணி நேரம் மற்ற இருவருக்கும் காட்ட வேண்டும். தடுக்கும் உரிமை அல்ல, அறியும் உரிமை. கருத்து வேறுபட்டால் அந்தப் பொருளில் மற்றவர் மௌனம் காக்கலாம், எதிர்க்கக் கூடாது. மொத்த அமைப்பையே மூடும் முன்மொழிவு வந்தால், 2018 நிதியாண்டுக்கான அதிபர் வரவு செலவுத் திட்டத்தில் வந்ததுபோல, உடனே மூன்று பெயரும் ஒரே கடிதத்தில் வர வேண்டும். அப்போது தனிக் கோரிக்கை எதையும் வெளியே விடாதீர்கள்.

நிர்வாகக் குழுக்களில் ஒரே ஆள் இரண்டு சங்கத்தில் பொறுப்பு வகிப்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். இரண்டு திட்டத்தையும் நடத்துபவர்கள் உண்டு. ஒருவருக்கு மேல் வேண்டாம். அவரும் இரண்டிலும் பொருளாளராக இருக்க வேண்டாம்.

ஓராண்டின் ஓட்டம்

நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. ஆனால் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கணும். சட்டப்படி பிப்ரவரி முதல் திங்கட்கிழமை அதிபரின் திட்டம் வர வேண்டும், பெரும்பாலும் தாமதமாகும். மார்ச், ஏப்ரலில் ஒவ்வொரு உறுப்பினர் அலுவலகமும் நிதிக் கோரிக்கைகளை வாங்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு, தனிப் படிவம். கெடு முடிந்த மறுநாள் போனால் காபி கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

படிவத்தில் எழுத வேண்டியது: தொழிலாளர், சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்கான ஒதுக்கீட்டு மசோதா, தேசிய மற்றும் சமூகச் சேவைக் கழகம், செயல்பாட்டுச் செலவுக் கணக்கு, அதற்குள் உங்கள் திட்டத்தின் பெயர், கடந்த ஆண்டுத் தொகை, கேட்கும் தொகை. அமெரிகார்ப்ஸ் என்ற பெயரை மசோதாவில் தேடாதீர்கள். சட்டப்படி அமைப்பின் பெயர் இன்னும் கழகம்தான். மசோதாவில் மொத்தத் தொகைதான் இருக்கும். உங்கள் வரி குழுவின் விளக்க அறிக்கையோடு வரும் அட்டவணையில் ஒளிந்திருக்கும். மசோதாவை மட்டும் படித்துவிட்டு “தொகை குறையவில்லை” என்று நிம்மதியடைந்த சங்கம், அட்டவணைக்குள் தன் வரி சுருங்கியதை இரண்டு மாதம் கழித்து அறியும். அட்டவணை வந்த நாளன்றே திறந்து பார்ப்பதற்கு ஒரு பெயரைக் குறித்து வையுங்கள்.

தொகுதிக்கு ஒரு தாள் தயாரியுங்கள். நேரில் பேச 15 நிமிடம் கிடைக்கும், அதில் ஐந்து நிமிடம் அறை தேடுவதில் போகும். தாளில் அந்தத் தொகுதியில் எத்தனை தன்னார்வலர், எத்தனை மணி, எத்தனை குழந்தை அல்லது எத்தனை வீடு, எந்தெந்த ஊர் என்பவை மட்டும் இருக்கட்டும். தேசிய எண் ஒன்று போதும். ஒரு திட்டம் மூன்று தொகுதிகளில் பரவியிருந்தால் எண்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் காட்டுங்கள். தொகுதி எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய வரைபடத்தை வைத்துத் தாள் அடித்து, தங்கள் தொகுதியே அல்லாத உறுப்பினரிடம் போய் நிற்பவர்கள் உண்டு. தன்னார்வலர் பெயரோ படமோ போட்டால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வருமானம் குறைந்தவர் என்பதே உதவித்தொகைத் திட்டத்தின் தகுதி. பெயரைப் போட்டாலே அவர் வருமானத்தை ஊருக்குச் சொன்ன மாதிரி.

உதவித்தொகை பற்றிப் பேசும்போது ஒரு சந்தேகம் அடிக்கடி எழும்: இது சம்பளமா? அல்ல. சட்டப்படி அது கூலியாகக் கருதப்படாது, முதியவர் பெறும் மற்ற அரசு உதவிகளுக்கான வருமானக் கணக்கிலும் சேராது. கூட்டத்துக்குப் போகிறவர்கள் அனைவரும் இதைத் தயங்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். “வேலை”, “ஊதியம்” என்ற சொற்களை உங்கள் தாளிலிருந்தே அகற்றுங்கள்.

அக்டோபர் 1 வந்தும் ஒதுக்கீடு நிறைவேறாமல் தற்காலிக நீட்டிப்பில் ஓடுவது வழக்கம். அந்த மாதங்களில் உறுப்பினருக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: இப்போது எந்தத் தேதி வரை நீட்டிப்பு, நம் வரி பற்றி இரு அவைகளின் எண் என்ன, இப்போது செய்ய ஏதும் உண்டா. செய்ய ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள். ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அவசரம் என்று கத்திய சங்கத்துக்கு, உண்மையான அவசரத்தில் ஆள் வர மாட்டார்.

கை மாறும்போது

இயக்குநர்கள் ஓய்வுபெறுவார்கள், அவர்களோடு சங்கத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் போய்விடும். தலைவர் பொறுப்பு மாறும் மாதத்தில் ஒப்படைக்க வேண்டியவை: வங்கியின் கையெழுத்து அட்டையில் இரு புதுப் பெயர்கள், ஐஆர்எஸ்ஸின் வரிவிலக்குக் கடிதம், 5768 படிவத்தின் நகல், மாநிலப் பதிவின் ஆண்டு அறிக்கைக்கான கெடு, இணையப் பெயர் யாருடைய கடன் அட்டையில் புதுப்பிக்கப்படுகிறது என்ற குறிப்பு, மூன்று சங்க உடன்படிக்கை, ஐந்தாண்டு அட்டவணையின் மூலக் கோப்பு. ஐஆர்எஸ்ஸுக்கு 8822-பி படிவத்தில் புதிய பொறுப்பாளர் பெயரை 60 நாளுக்குள் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் எச்சரிக்கைக் கடிதங்கள் ஓய்வுபெற்றவரின் பழைய அலுவலகத்துக்குப் போகும். அங்கே யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.